புதிய உதவிப் பேராசிரியர்களுக்குக் கல்லூரிக்குள்ளேயே வழிகாட்டல்: எப்படி அமைப்பது?

கேள்வி | உள்தர உறுதிப் பிரிவு ஒருங்கிணைப்பாளர், அரசு உதவிபெறும் கல்லூரி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கல்லூரியில் அண்மையில் பல துறைகளிலும் புதிய உதவிப் பேராசிரியர்கள் சேர்ந்திருக்கிறார்கள். நெட் (தேசியத் தகுதித் தேர்வு) தேர்ச்சி, முனைவர் பட்டம், ஆய்விதழ்க் கட்டுரைகள் என்று எந்தத் தகுதிக்கும் குறைவில்லை. ஆனால் அறுபது பேர் அமர்ந்திருக்கும் இளநிலை வகுப்பை எப்படி நடத்துவது என்று அவர்களுக்கு எவரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பள்ளி ஆசிரியருக்கு பி.எட். கேட்கும் நாம் கல்லூரி ஆசிரியரிடம் அப்படி எதையும் கேட்பதில்லை. பணியில் சேர்ந்த ஓராண்டுக்குள் ஒரு மாத அறிமுகப் பயிற்சி பெற வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகள் கூறுகின்றன. எங்களவர்களில் பெரும்பாலோர் அதை இணைய வழியில், இரண்டு வகுப்புகளுக்கு இடையே, கேமராவை அணைத்து வைத்துக்கொண்டு முடித்துவிட்டார்கள். சான்றிதழ் பணிமேம்பாட்டுக் கோப்பில் ஏறிவிட்டது. வகுப்பறையில் மாற்றம் எதுவும் தெரியவில்லை.

வரும் பருவத்திலிருந்து மூத்தோர் வழிகாட்டல் திட்டம் ஒன்றைத் தொடங்க முதல்வர் வரைவு கேட்டிருக்கிறார். துறைத் தலைவரையே அந்தந்தத் துறைப் புதியவருக்கு வழிகாட்டியாகப் போட்டுவிடலாம் என்பது அவர் எண்ணம். எனக்கு அதில் தயக்கம் இருக்கிறது. யாரை யாருடன் இணைப்பது, எவ்வளவு நேரம் ஒதுக்குவது, எதை எழுதி வைப்பது என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில் 1 | ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர்

தங்கள் தயக்கம் நியாயமானது. ஆண்டுத் தன்மதிப்பீட்டு அறிக்கையில் கையெழுத்திடுபவர், கால அட்டவணை போடுபவர், விடுப்புக்குப் பரிந்துரைப்பவர் எல்லாம் துறைத் தலைவர்தான். அவரிடம் போய் 'இறுதியாண்டு வகுப்பு எனக்கு அடங்கவில்லை' என்று எந்தப் புதியவர் வாய் திறப்பார்? பாடத்தில் ஐயம் என்றால் துறைக்குள் கேட்டுக்கொள்ளலாம். வகுப்பு நடத்துவதற்கான துணை வேறு துறையிலிருந்து வருவதே நல்லது.

1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி, கல்லூரி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் கல்விப் பணியாளர் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. அவை பின்னர் மனிதவள மேம்பாட்டு மையங்களாகி, 2023 முதல் மாளவியா பெயரிலான ஆசிரியர் பயிற்சி மையங்களாக இயங்குகின்றன. பெயர்ப் பலகை இருமுறை மாறினாலும், புத்தொளிப் பயிற்சி (பணியில் இருப்போருக்கான மறுபயிற்சி) என்றால் உரை கேட்பது என்ற நிலை பெரிதாக மாறவில்லை. அங்கே நான் உரையாற்றவும் சென்றிருக்கிறேன், உரை கேட்கவும் அமர்ந்திருக்கிறேன். விடுதி வராந்தாவில் பிற கல்லூரிக்காரர்களோடு இரவில் பேசியவையே எனக்கு அதிகம் பயன்பட்டன. இணைய வழிக்குப் போனதும் அந்த வராந்தாவும் இல்லாமல் போயிற்று.

வகுப்பைப் பார்ப்பதில்தான் வழிகாட்டல் தொடங்குகிறது என்பது என் கருத்து. பணியில் இருந்தபோது கணிதத் துறை இளைஞர் ஒருவர் கேட்டுக்கொண்டதால் அவருடைய வகுப்பில் கடைசி பெஞ்சில் அமர்ந்தேன். மாணவர்கள் அமர்ந்திருந்த வரிசைகளை ஒரு தாளில் கட்டங்களாக வரைந்து, கேள்வி யாரிடம் போயிற்று, பதில் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் குறித்தேன். மணி அடித்தபோது கோடுகள் எல்லாம் முதல் வரிசையின் நான்கு கட்டங்களில் குவிந்திருந்தன. சன்னல் ஓரத்து வரிசை முழுவதும் வெற்றாக இருந்தது. 'புரிகிறதா?' என்று கேட்ட ஒவ்வொரு முறையும், எவரும் பதில் சொல்வதற்கு முன்பே அவர் கரும்பலகையை அழிக்கத் தொடங்கியிருந்தார். அதையும் ஓரத்தில் குறித்திருந்தேன். கருத்து எதுவும் கூறாமல் தாளை அவரிடமே கொடுத்துவிட்டேன். நகல் வைத்துக்கொள்ளவில்லை. கல்லூரிகளைத் தரமதிப்பீடு செய்யும் நாக் குழுவுக்குக் காட்ட ஒன்று எடுத்து வைத்திருந்தால், அடுத்த முறை என்னை உள்ளே விட்டிருக்க மாட்டார்.

பதில் 2 | சுயநிதிப் பிரிவு ஆங்கில ஆசிரியர்

தாங்கள் குறிப்பிடும் 'புதிய உதவிப் பேராசிரியர்கள்' அரசு ஊதியம் பெறுவோர் மட்டும்தானா? அதே வளாகத்தில் பிற்பகல் சுழற்சியில் பாடம் நடத்தும் நாங்களும், அரசு கல்லூரிகளில் தொகுப்பூதியத்தில் பணியாற்றும் கௌரவ விரிவுரையாளர்களும் எந்த வரைவிலும் இடம்பெறுவதில்லை. வினாத்தாள் தயாரிப்பு, விடைத்தாள் திருத்தம், முதலாமாண்டு வகுப்பு ஆகியவற்றுக்கு மட்டும் எங்கள் நினைவு வந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாதவர் தம் குறையை எழுத்தில் தரத் துணிய மாட்டார். எனவே பேராசிரியர் ஐயா கூறியபடி நகல் வைக்காத முறை எங்களுக்குக் கூடுதலாகவே தேவைப்படுகிறது.

பதில் 3 | விரிவுரையாளர், யாழ்ப்பாணம்

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் நிலைமை சற்று வேறு. தகுதிகாண் விரிவுரையாளராகச் சேர்பவர் பணியில் உறுதிப்படுத்தப்படுவதற்கு உயர்கல்விக் கற்பித்தல் தொடர்பான பயிற்சிநெறியையும் நிறைவு செய்ய வேண்டும். நான் பயின்றபோது சகபாடி ஒருவர் என் விரிவுரையைப் பார்வையிட்டார், நானும் அவருடையதைப் பார்வையிட்டேன். பின்னர் இருவரும் அதுபற்றி எழுதி ஒரு கோவையாகச் சமர்ப்பித்தோம். கட்டாயம் என்பதால் எவரும் தப்ப முடியாது என்பது நன்மை. உறுதிப்படுத்தற் கடிதம் கைக்கு வந்ததும் பலர் அக்கோவையைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பதில் 4 | கல்வியியல் ஆய்வாளர்

ஒரு மூத்தவர், ஒரு இளையவர் என்ற இணையையே எல்லாரும் எடுத்துக்கொண்டு பேசுகிறோம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் மெலன் அறக்கட்டளையின் உதவியுடன் நடந்த பரஸ்பர வழிகாட்டல் திட்டம் இதை விரித்துப் பார்த்தது. கற்பித்தலுக்கு ஒருவர், ஆய்வுக்கு வேறொருவர், ஒத்த நிலையில் உள்ள நண்பர்கள் சிலர் என்று புதியவர் தமக்கான வட்டத்தைத் தாமே அமைத்துக்கொண்டு, அதற்குச் சிறு நிதியும் பெறலாம். நம்மிடம் நிதிக்கு முன் நேரம் வேண்டும். வாரத்துக்கு 16 மணி நேர நேரடிக் கற்பித்தலோடு தேர்வுப் பணி, நாட்டு நலப்பணித் திட்டம், சேர்க்கைப் பணி எல்லாம் சேர்ந்தபின், வழிகாட்டலை 'ஓய்வு வேளையில்' செய்யச் சொன்னால் அது முதல் மாதத்தோடு நின்றுவிடும். கால அட்டவணையில் அதற்கென ஒரு மணி நேரம் அச்சாக வேண்டும்.

கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் நன்றி. வேறு துறை வழிகாட்டி, சுயநிதிப் பிரிவினரையும் சேர்ப்பது, பார்வைக் குறிப்பை ஆசிரியரிடமே விட்டுவிடுவது ஆகிய மூன்றையும் வரைவில் எழுதியிருக்கிறேன். கோப்பில் சந்திப்பு நடந்த தேதி மட்டும் இருக்கும். வழிகாட்டலுக்காகக் கற்பித்தல் நேரத்தில் ஒரு மணி நேரக் குறைப்புக்கு முதல்வர் இசைந்துவிட்டார். பிற்பகல் சுழற்சிக்கும் அதை நீட்டிப்பதற்கு நிர்வாகத்தின் ஒப்புதல் வேண்டுமாம். அடுத்த கல்லூரிக் குழுக் கூட்டத்தில் அதை முன்வைக்கிறேன்.