கொலுசில் உள்நாட்டுப் பங்கு எவ்வளவு? எந்தக் கணக்கு செல்லும்?

செவ்வாய்ப்பேட்டை_பட்டறை:
மலேசிய வியாபாரி ஒருவர் எங்களிடம் கொலுசு கேட்டிருக்கிறார். இந்தியாவுக்கும் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானுக்கும் உள்ள வணிக ஒப்பந்தத்தின்படி, பொருள் எந்த நாட்டில் உருவானது என்று காட்டும் பிறப்பிடச் சான்றிதழும் சேர்த்து அனுப்பச் சொல்கிறார். கம்பி இழுப்பதிலிருந்து சலங்கை கோத்து மெருகு போடுவது வரை அத்தனையும் சேலத்திலேயே நடக்கிறது. கட்டி வெள்ளி மட்டும் இறக்குமதிச் சரக்கு. அப்படியிருக்க, இது இந்தியப் பொருளாகத் தேறாது என்று எங்கள் ஆடிட்டர் சொல்வது எந்தக் கணக்கில்?

ஏற்றுமதி_ஆவணம்:
ஆடிட்டர் சொல்வது சரிதான். 2010இல் நடைமுறைக்கு வந்த அந்த ஒப்பந்தத்தின் பொது விதி இரண்டு நிபந்தனைகளை ஒருசேரக் கேட்கிறது: சுங்கக் குறியீடு ஆறு இலக்க அளவில் மாறியிருக்க வேண்டும், எஃப்.ஓ.பி. விலையில் (கப்பலில் ஏற்றுவது வரையிலான விலையில்) குறைந்தது 35 விழுக்காடு உள்நாட்டு மதிப்பாக இருக்க வேண்டும். 7106 என்று தொடங்கும் குறியீட்டில் நுழைந்த வெள்ளி 7113 என்று தொடங்கும் குறியீட்டில் கொலுசாக வெளியேறுவதால் முதலாவது தேறிவிடும். ஒரு பேச்சுக்கு, 100 ரூபாய்க் கொலுசில் வெள்ளி மட்டும் 82 என்றால், கூலி, வாடகை, லாபம், வண்டிச் செலவு எல்லாம் சேர்ந்தே 18தான்; 35ஐ எட்டாது. கூலியைக் கிலோவுக்கு இவ்வளவு என்று பேசிவிடுவதால், வெள்ளி விலை ஏற ஏற, அதே ஆள் அதே வேலையைச் செய்தாலும் நம் பங்கு சுருங்கிக்கொண்டே போகும். (விலையோடு கூலியும் ஏறும் என்று நம்பிப் பட்டறைக்கு வந்தவர் எவருமில்லை.)

அடிவாரத்து_ஆசிரியர்:
சுங்கத்துறை பில்லோடு நின்றுவிடும். புள்ளியியலாளர் அதற்குப் பின்னாலும் போவார். நீங்கள் பற்றவைக்க எரிக்கும் காஸில் பெரும்பகுதி இறக்குமதி என்பதால், அந்த 18க்குள்ளும் அயல்நாட்டுப் பங்கு உண்டு. எந்தத் துறை எந்தத் துறையிடம் எவ்வளவு வாங்குகிறது என்று காட்டும் பொருளியலாளர் லியோன்டிஃபின் உள்ளீடு-வெளியீடு அட்டவணையை நாடுகளுக்கிடையே விரித்துத்தான், பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பான ஓஇசிடியும் உலக வணிக அமைப்பும், ஏற்றுமதியில் எந்த நாட்டின் பங்கு எவ்வளவு என்ற கணக்கை 2013 முதல் வெளியிடுகின்றன. ஆனால் உங்கள் சான்றிதழுக்கு அது உதவாது. அந்த அட்டவணையில் நகையும் நாற்காலியும் ஒரே வரிசையில் கிடக்கின்றன.

செவ்வாய்ப்பேட்டை_பட்டறை:
இருவருக்கும் நன்றி. நாங்கள் உருக்குவதில் பாதி, வாடிக்கையாளர்கள் போட்டுவிட்டுப் போகும் பழைய கொலுசு. அதையும் அயல்நாட்டுக் கணக்கில்தான் எழுத வேண்டுமா?

ஏற்றுமதி_ஆவணம்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம், அண்ணா. உள்நாட்டில் சேகரித்து, இனி அணியவோ செப்பனிடவோ முடியாமல் உருக்குவதற்கே ஆகும் பழம்பொருளை அந்த ஒப்பந்தம் உள்நாட்டுப் பொருளாகவே ஏற்கிறது. அப்படியானால் 82இல் 41 நம் பக்கம் வரும். மொத்தம் 59 ஆகிவிடும். ஆனால் இரண்டு வெள்ளியும் ஒரே மூசையில் கலந்தபின் எது எங்கிருந்து வந்தது என்று வெள்ளி சொல்லாது. பழைய கொலுசு வாங்கிய ரசீது, எடை, உருக்கிய தேதி ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறீர்களா?