லூப் விளக்கம் பசங்களுக்குப் புரியல, எப்படி மாத்தி எழுதறது?

மாலைவகுப்பு:
நாளைக்கு வகுப்பு, கொஞ்சம் அவசரம். நிரல்ல கட்டளைகளைத் திரும்பத் திரும்ப இயக்கற லூப் பத்தி நான் எழுதின குறிப்பைப் படிச்சிட்டுப் பாதிப் பேர் தப்பாவே எழுதறாங்க. இன்னும் எளிமையா எப்படிச் சொல்லலாம்?

தறி:
எந்த மொழி? ஃபார் லூப்பா, வைல் லூப்பா? எழுதின வரியை அப்படியே போடுங்க.

வேப்பம்பூ:
எழுத்துல விளக்கவே வேணாம். கட்டம் போட்டுக் கொடுத்து, ஒவ்வொரு சுற்றுலயும் ஐங்கற மாறியோட மதிப்பு என்னன்னு பசங்களையே நிரப்பச் சொல்லுங்க. எங்க வகுப்புல அதுதான் எடுபட்டுது.

கட்டளைவரி:
தம்பி, மொழி, எழுதின நிரல், வந்த பிழை, இந்த மூணும் இல்லாம கேள்வி போடக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது? பாடக் குறிப்பு எழுதறவரே இப்படின்னா படிக்கிற பசங்க பாவம்.

மாலைவகுப்பு:
பைத்தான். வரி இதுதான்: "நிபந்தனை பூர்த்தியாகும் வரை வைல் லூப் கட்டளைகளைத் திரும்பத் திரும்ப இயக்கும்." அதுக்குக் கீழ, "ரேஞ்ச்(1, 10) என்றால் 1 முதல் 10 வரை."

தறி:
எளிமை பிரச்சினையே இல்ல, ரெண்டு வரியும் தப்பு. நிபந்தனை உண்மையா இருக்கிற வரைக்கும்தான் வைல் ஓடும், பொய்யானதும் நின்னுடும். நீங்க எழுதினது நேர் எதிர். அதை நம்பின பையன், 5 வந்ததும் நிக்கணும்னு வைல் ஐ == 5ன்னு, அதாவது ஐ 5க்குச் சமமா இருக்கிற வரைக்கும்னு போடுவான். ஐ 1ல தொடங்கினா லூப் ஒரு தடவைகூட ஓடாது, பிழைச் செய்தியும் வராது. உங்க பசங்க இப்படித்தான் எழுதறாங்களா?
ரேஞ்சுக்கு "1ல தொடங்கும், 10க்கு முன்னாடியே நிக்கும்"னு போட்டு, 1லருந்து 9 வரைக்கும் திரையில வர்றதைக் கீழயே காட்டுங்க.

வேப்பம்பூ:
இதுக்குத்தான் லுவா மொழியில தொடங்கணும்ங்கறேன். ஃபாருக்கு 1, 10 கொடுத்தா 10ம் சேர்ந்தே வரும்.

கட்டளைவரி:
கடைசி எண்ணை ஏன் சேர்க்கக் கூடாதுங்கற காரணத்தைக் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1982லயே எழுதி வெச்சுட்டார். மேல் எல்லையைச் சேர்க்கலைன்னா, 10ல 1 கழிச்சா 9, அதுதான் சுற்று எண்ணிக்கை. ரேஞ்ச்(0, 5), ரேஞ்ச்(5, 10) ரெண்டும் இடிக்காம ஒட்டும்.

வேப்பம்பூ:
அது கணக்குத் தெரிஞ்சவங்களுக்கு. ஆறாம் வகுப்புப் பொண்ணுக்கு 10ன்னா 10 வரணும். ஃபோர்ட்ரான்ங்கற பழைய மொழியிலயும் கடைசி எண் சேருமே!

கட்டளைவரி:
ஃபோர்ட்ரானை வெச்சு இப்ப யாருக்குப் பாடம் எடுக்கறீங்க?

தறி:
ரெண்டு பேரும் அதைத் தனி இழையில பேசுங்க. மாலைவகுப்பு, வைல் உதாரணத்துல ஐயைக் கூட்டற வரியையும் மறக்காம விளக்குங்க. அது விட்டுப்போனா லூப் நிக்கவே நிக்காது.

மாலைவகுப்பு:
ஆமாங்க, வைல் ஐ == 5னேதான் எழுதியிருந்தாங்க. ரெண்டு வரியும் மாத்திட்டேன். கட்டமும் சேர்த்தாச்சு. நன்றி.