‘சிஸ்டர்’ என்ற ஒரு சொல்லுக்குத் தமிழில் எந்தச் சொல்?

கேள்வி:
வணக்கம். ஓர் ஆங்கில நாவலைத் தமிழில் பெயர்த்து வருகிறேன். கதைத்தலைவனின் ‘சிஸ்டர்’ முதல் அத்தியாயத்திலேயே வருகிறாள். மூத்தவளா இளையவளா என்று ஆசிரியர் சொல்லாததால், அவள் அடங்கிப் பேசுவதை வைத்துத் ‘தங்கை’ என்றே எழுதிக்கொண்டு போனேன். பத்தொன்பதாம் அத்தியாயத்தில், அவன் பிறந்த அன்று அவள் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அழுததாக ஒரு வரி வந்து நிற்கிறது. ‘தங்கை’யை ‘அக்கா’ என்று மாற்றினால் மட்டும் தீரவில்லை. ‘அழாதே, அண்ணன் இருக்கிறேன்’ என்று நானாக அவன் வாயில் வைத்த ஆறுதலும் பொய்யாகிவிட்டது. இனி எல்லா இடத்திலும் ‘சகோதரி’ என்று போட்டுவிடலாமா? இதே நாவலில் மருத்துவமனை ‘சிஸ்டர்’ ஒருவரும், ஒரு கப்பலின் ‘சிஸ்டர்’ கப்பலும் வருகின்றன.

மறுமொழி 1:
‘சகோதரி’ வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒரே உதரத்தில், அதாவது ஒரே வயிற்றில், பிறந்தவள் என்பது அதன் பொருள். நம் ‘உடன்பிறந்தாள்’ போலவே வயதைச் சொல்லாத சொல்தான். ஆனால் மேடையிலும் மடலிலும் மதிப்போடு ஒலிக்கும் அந்தச் சொல், வீட்டுக்குள் நடக்கும் உரையாடலில் வந்தால் அண்ணன் தங்கையைக்கூட அயலார் ஆக்கிவிடும். இது தமிழுக்கு மட்டும் உள்ள சிக்கலும் அன்று. ஜப்பானியத்திலும் சீனத்திலும் மூத்தவளுக்கு ஒரு சொல், இளையவளுக்கு வேறு சொல். ஆகவே முழு நூலையும் ஒருமுறை படித்து வயதை உறுதிசெய்துகொண்ட பிறகே முதல் வரியை எழுத வேண்டும். நூல் கடைசிவரை சொல்லாவிட்டால் அவள் பெயரையே எழுதுங்கள்.

மறுமொழி 2:
மருத்துவமனையில் வருபவரைச் ‘சகோதரி’ என்று எழுதினால், நோயாளியின் உடன்பிறந்தவளே வந்து ஊசி போடுவதாக வாசகர் நினைப்பார். பிரித்தானிய வழக்கில் அது ஒரு பிரிவுக்குப் பொறுப்பான மூத்த செவிலியரைக் குறிக்கும். நம் பேச்சிலோ எல்லாச் செவிலியரும் ‘சிஸ்டர்’தான். எனவே கதை சொல்லும் இடத்தில் ‘தலைமைச் செவிலியர்’ என்றும், நோயாளி கூப்பிடும் இடத்தில் ‘சிஸ்டர்’ என்றும் எழுதுங்கள். துறவற சபையைச் சேர்ந்தவராக இருந்தால் ‘அருட்சகோதரி’ என்ற நிலைபெற்ற சொல் இருக்கிறது. கப்பலைப் பொறுத்தவரை, ‘டைட்டானிக்’கும் ‘ஒலிம்பிக்’கும் போல, ஒரே வடிவமைப்பில் கட்டப்பட்டவை என்பதே பொருள், அதை அப்படியே சொல்லிவிடலாம்.

மறுமொழி 3:
உறவைத் தாண்டி இந்தச் சொல்லை நீட்டுவது நமக்குப் புதிதன்று. நற்றிணை 172ஆம் பாட்டில், தோழியர் விளையாடும்போது மணலில் புதைத்து மறந்த புன்னை விதை முளைத்துவிட, நெய்யும் பாலும் பெய்து வளர்த்த அந்த மரத்தைக் காட்டி, ‘நும்மினும் சிறந்தது நுவ்வை ஆகும்’ என்கிறாள் அன்னை. உங்களைவிடச் சிறந்தவள் உங்கள் உடன்பிறந்தாளாகிய இந்தப் புன்னை என்கிறாள். அதன் நிழலில் காதலனோடு நகைத்துப் பேச அந்தப் பெண்ணுக்கு நாணமாக இருக்கிறது. எனக்கு இதைவிட அழகான ‘சகோதரி’ இல்லை. 167ஆம் குறளில் செய்யவளாகிய திருமகள், பொறாமைக்காரனைத் தன் ‘தவ்வை’க்குக் காட்டிவிட்டு விலகுகிறாள், தவ்வை என்றால் தமக்கை, இங்கே மூதேவி.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆங்கிலத்தில் ‘கசின்’ என்று வருபவள் சித்தியின் மகளோ பெரியப்பாவின் மகளோ என்றால் தமிழில் அவளும் அக்கா அல்லது தங்கைதான். மாமன் மகளோ அந்தக் கணக்கிலேயே வரமாட்டாள். அதேபோல் ‘சிஸ்டர்-இன்-லா’ என்ற ஒரே சொல்லுக்குள் அண்ணி, நாத்தனார், கொழுந்தி, ஓரகத்தி எல்லாரும் அடக்கம். அவற்றையும் இப்போதே சரிபார்த்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. முதல் அத்தியாயத்திலிருந்து மீண்டும் தொடங்கிவிட்டேன். அவள் அடங்கிப் பேசவில்லை, தம்பிக்கு விட்டுக்கொடுத்துப் பேசுகிறாள் என்பது இப்போதுதான் தெரிகிறது. அந்த ஆறுதல் வரியை ‘அழாதே அக்கா, நான் இருக்கிறேன்’ என்று திருத்தியிருக்கிறேன்.