சென்னைல சின்னச் சின்ன வீட்டு ரிப்பேருக்கு ஆள் கூப்பிட்டா எவ்ளோ ஆகும்? 14,500 கேக்குறாங்க

மடிப்பாக்கம்_வாசி:

எல்லாருக்கும் வணக்கம். மடிப்பாக்கத்துல எங்க ஃபிளாட், 2002ல கட்டினது, நாங்க முதல் மாடி, மேல இன்னொரு மாடி இருக்கு. அப்பா இருந்த வரைக்கும் வீட்டு ரிப்பேர் எதுவும் என் காதுக்கே வராது, அவரு ஒரு ஃபோன் போட்டா தெரிஞ்ச ஆளு வந்து முடிச்சுட்டு போயிடுவாரு. போன வருஷம் அப்பா தவறிட்டாரு, அந்த ஆளும் சொந்த ஊருக்கே போயிட்டாராம், இப்போ எல்லாம் என் பொறுப்பு.

இந்த ஐப்பசி மழைல எல்லாம் சேர்ந்து வந்து நிக்குது. கிச்சன் சிங்க் குழாய் எவ்ளோ இறுக்கினாலும் சொட்டுது, ஃப்ளஷ் டேங்க்ல தண்ணி ஓடிக்கிட்டே இருக்கு, ஹால் ஃபேன் அஞ்சுல வெச்சாலும் ஒண்ணுல சுத்துற மாதிரி சுத்துது, வாசக்கதவு ஊதிப்போய் தரைல உரசுது. இதெல்லாம் கூட பரவால்ல, பால்கனி மேல்தளத்துல ஒரு முறம் அளவுக்கு காரை பேந்து விழுந்து கம்பி வெளிய தெரியுது. அம்மா துணி காயப்போடுற இடம் அது. விழுறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி தான் உள்ள வந்திருக்காங்க, நெனச்சாலே கை கால் நடுங்குது.

தெரு முனை ஹார்ட்வேர் கடைல சொல்லி ஒருத்தர் வந்தாரு, எல்லாத்தையும் சுத்தி பாத்துட்டு மெட்டீரியலோட மொத்தம் 14,500, ரெண்டு நாள்ல முடிச்சிடலாம்மான்னாரு. எது எதுக்கு எவ்ளோன்னு கேட்டா அப்படி பிரிச்சு சொல்ல வராதும்மான்னு சொல்லிட்டாரு. இது நியாயமான ரேட்டா, ஏமாத்துறாங்களா, எனக்கு சுத்தமா தெரியல. பகல்ல அம்மா தனியா இருப்பாங்க, அதையும் யோசிச்சு சொல்லுங்க.

வில்லிவாக்கம்_அக்கா:

முதல்ல அம்மாவை பால்கனி பக்கம் போக விடாதம்மா, துணியை கொஞ்ச நாள் மொட்டை மாடில போட்டுக்கலாம், இல்ல ஹால்ல கொடி கட்டிக்கலாம்.

ரேட் விஷயத்துக்கு வரேன். நம்ம ஊர்ல எல்லா வேலையும் ஒரே ஆளு செய்றது ரொம்ப கம்மி, பிளம்பர் வேற, எலக்ட்ரீஷியன் வேற, ஆசாரி வேற, கொத்தனார் வேற. எல்லாம் நானே பாத்துக்குறேன்னு ஒருத்தர் சொன்னா பாதி நேரம் அவரு நாலு பேரை கூட்டிட்டு வந்து, நடுவுல அவருக்குன்னு ஒரு தொகை வெச்சுப்பாரு. அது தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆள் தேடி அலையிற வேலை நமக்கு மிச்சம், வேலைக்கு போற பொண்ணுக்கு அதுவும் ஒரு உதவி தான். ஆனா பிரிச்சு சொல்ல மாட்டேன்னா ஒத்துக்காத. தனித்தனியா எழுதி கேளு.

எங்க வீட்ல இந்த ஒரு வருஷத்துல நான் குடுத்த கூலி சொல்றேன். குழாய் மாத்த 300. ஃப்ளஷ் டேங்க் உள்ள செட் மாத்த 400. ஃபேனுக்கு கண்டென்சர் மாத்த கூலி 200, கண்டென்சர் 80 ரூபாய். உன் ஃபேன் சொல்றதைப் பாத்தா அதே தான், 2.5னு போட்டிருக்கும் அந்த சின்ன டப்பா, அதுக்கு போய் புது ஃபேன் வாங்குங்கன்னு யாராவது சொன்னா கேக்காத. கொத்தனார் ஒரு நாளைக்கு 1,200, கூட வர்ற ஆளுக்கு 800. இது எங்க ஏரியா, உங்க பக்கம் நூறு இருநூறு கூடும் குறையும். ஒரே ஒரு குழாய்க்கு கூப்பிட்டாலும் 300, கூடவே ரெண்டு வேலை இருந்தா மூணும் சேர்த்து 700க்கு முடியும், அதனால அவசரம் இல்லாததை எல்லாம் காலண்டர் பின்னாடி எழுதி வெச்சு ஒரே நாள்ல கூப்பிடு. நான் அப்படித்தான் பண்றேன்.

குழாய்க்காரன்_சைதை:

நான் பிளம்பர் தான்க்கா, சைதாப்பேட்டை, 19 வருஷமா இதே தொழில். பத்து நிமிஷ வேலைக்கு 300 ரூபாயான்னு தினமும் யாராவது ஒருத்தர் கேக்குறாங்க, அதனால எங்க பக்கத்தையும் சொல்லிடுறேன்.

வேலை பத்து நிமிஷம் தான், ஆனா மடிப்பாக்கம் வந்து போக ஒரு மணி நேரம், பெட்ரோல் செலவு வேற, சாமான் வாங்க திரும்ப கடைக்கு போகணும், மழை நாள்ல ரெண்டு நாள் வேலையே இருக்காது. ஒரு நாளைக்கு இந்த மாதிரி சின்ன வேலை நாலு பாத்தாலே பெருசு. சும்மா வந்து பாத்துட்டு போங்கன்னு கூப்பிட்டு, பாத்துட்டு எஸ்டிமேட் சொன்னதும் வேற ஆளை வெச்சு செய்றவங்களும் இருக்காங்க, அந்த அலைச்சலுக்கு காசே கிடையாது. அதனால நான் இப்போ பாக்க வர 150ன்னு முன்னாடியே சொல்லிடுவேன், வேலை குடுத்தா அதை கழிச்சுப்பேன்.

இன்னொண்ணு, உங்க வீடு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. குழாயை கழட்டும்போது சுவத்துக்குள்ள இருக்கிற ஜிஐ நிப்பிள், அதான் குழாயை பைப்போட சேர்க்கிற சின்ன இரும்புத் துண்டு, துரு புடிச்சு அப்படியே ஒடஞ்சு வரும், மடிப்பாக்கம் வேளச்சேரி பக்கம் போர் தண்ணில உப்பு ஜாஸ்தி, நான் அந்த பக்கம் நெறைய பாத்திருக்கேன். உள்ள மாட்டிக்கிட்ட துண்டை எக்ஸ்ட்ராக்டர் போட்டு மெதுவா திருப்பி எடுக்கணும், அவசரப்பட்டு தட்டினா டைல்ஸ் ஒடயும், அப்புறம் உள் பைப்பே லீக் ஆகும். 300 ரூபாய் வேலை 1,500 ஆகுறது இந்த இடத்துல தான். அதனால கழட்டுறதுக்கு முன்னாடியே, நிப்பிள் ஒடஞ்சா எவ்ளோன்னு கேட்டு வெச்சுக்குங்க. ஒழுங்கா வேலை தெரிஞ்ச ஆளு அதுக்கும் ஒரு தொகை சொல்லுவாரு. மாடில உங்க லைனுக்கு தனி வால்வு எது, அது மூடுதான்னு முதல் நாளே பாத்து வெச்சுக்குங்க, பழைய கேட் வால்வு பாதி வீட்ல சுத்திக்கிட்டே இருக்கும், தண்ணி நிக்காது.

சாமானை நீங்களே வாங்கினா நல்லது. ஆனா எங்களை கேக்காம வாங்காதீங்க, சைஸ் தப்பா வந்து மறுபடி அலையிறது உங்களுக்கும் கஷ்டம் எங்களுக்கும் கஷ்டம். பழைய செட்டை ஃபோட்டோ எடுத்து கடைல காட்டுங்க. பித்தளை குழாய் கைல வெயிட்டா இருக்கும், பளபளன்னு லேசா இருக்கிறது ஆறு மாசம் கூட தாங்காது.

அம்மா தனியா இருக்காங்கன்னு சொன்னீங்க. கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் 1994லேர்ந்து இருக்கு, பிளம்பர், எலக்ட்ரீஷியன், பெயிண்டர் எல்லாரும் அதுல பதிவு பண்ணலாம், ஃபோட்டோவோட அட்டை இருக்கும். கொஞ்சம் காட்டுங்கன்னு மரியாதையா கேளுங்க, நாங்க தப்பா எடுத்துக்க மாட்டோம். என்னை கேட்டா நானே காட்டுவேன், எனக்கு அது பெருமை தான்.

எலக்ட்ரீஷியன் வந்தா ஒரு வேலை சேர்த்து சொல்லுங்க. மெயின் போர்டுல ஆர்சிசிபி, அதான் கரண்ட் கசிஞ்சா தானா சப்ளையை நிறுத்துற சுவிட்ச், இருந்தா அதுல 'T' (டி) போட்ட ஒரு சின்ன பட்டன் இருக்கும், அமுக்கினா உடனே ட்ரிப் ஆகணும். ஆகலைன்னா ஷாக் அடிச்சா அது காப்பாத்தாது. மழை காலத்துல சுவரெல்லாம் ஈரம், இதை தள்ளிப் போடாதீங்க.

குரோம்பேட்டை_2015:

ஆப்ல புக் பண்றதும் ஒரு வழி, நான் ரெண்டு தடவை பண்ணேன், எந்த ஆப்னு சொல்ல விரும்பல. ரேட் முன்னாடியே தெரியும், சொன்ன நேரத்துக்கு ஆள் வருவாங்க, பில் வரும், ஜிஎஸ்டியும் வரும். ஆனா ரெண்டாவது தடவை ஃப்ளஷ் டேங்குக்கு வந்தவர் கூலி 349ன்னு போட்டிருந்ததை வெச்சு ஆரம்பிச்சு, உள்ள செட்டு, ஹோஸ், ஆங்கிள் காக்னு ஒண்ணொண்ணா சேர்த்து 2,100ல கொண்டு வந்து நிறுத்தினாரு, அதே செட்டு பக்கத்து கடைல 550 தான். அவரையும் குறை சொல்ல முடியல, எவ்ளோ சாமான் போடுறாரோ அதுல தான் அவருக்கும் கொஞ்சம் கிடைக்குதாம், அவரே சொன்னாரு. பால்கனி காரை வேலைக்கெல்லாம் ஆப் சரிப்படாது, அதுக்கு நேர்ல பாத்து சொல்ற ஆளு வேணும்.

சைட்_சூப்பர்வைசர்_ஓய்வு:

முப்பது வருஷம் கட்டட வேலைல சூப்பர்வைசரா இருந்தேன்மா, அந்த பால்கனி விஷயத்தை படிச்சதும் எழுதாம இருக்க முடியல. மத்தது எல்லாம் காசு கணக்கு. இது உயிர் சம்பந்தப்பட்டது.

விழுந்த இடத்துல மட்டும் சிமெண்ட் அப்பி பெயிண்ட் அடிச்சா அடுத்த மழைக்கு பக்கத்து இடம் விழும். காரணம் என்னன்னா தண்ணி மேலேர்ந்து எறங்கி கம்பியை தொட்டாச்சு, இரும்பு துரு புடிச்சா ரெண்டு மூணு மடங்கு ஊதும், அந்த ஊத்தம் தான் காரையை கீழ தள்ளுது. நீங்க மேல ஒட்டினதையும் அதே மாதிரி தள்ளிடும். அதனால மேல் வீட்டு பால்கனியை போய் பாருங்க. அங்க பூந்தொட்டி இருக்கா, தண்ணி போற ஓட்டை அடைச்சிருக்கா, டைல்ஸ் இடுக்கு விட்டிருக்கா? அதை சரி பண்ணாம கீழ நீங்க எவ்ளோ செலவு பண்ணாலும் வீண்.

கொத்தனார் வந்ததும் முதல்ல சின்ன சுத்தியால மேல்தளம் பூரா தட்டிப் பாக்கணும். கெட்டியா இருக்கிற இடம் கணீர்னு கேக்கும், விட்டுப்போன இடம் பொத்து பொத்துனு கேக்கும். விட்ட இடம் எல்லாத்தையும் சாக்பீஸால வட்டம் போட சொல்லுங்க, நீங்களும் கூட நின்னு பாருங்க, எவ்ளோ பரப்புன்னு அப்போ தான் தெரியும், ரேட் பேச வேண்டியதும் அப்போ தான். அந்த இடத்தை எல்லாம் தட்டி எடுத்துட்டு, கம்பியை வயர் பிரஷ் போட்டு துரு போக தேய்க்கணும், கம்பிக்கு பின்னாடியும் தேய்க்கணும், அப்புறம் துரு தடுக்கிற கோட்டிங், அது காஞ்சதும் பாலிமர் கலந்த கலவைல பூச்சு. பூசினதுக்கு அப்புறம் ஒரு வாரம் தண்ணி தெளிக்கணும், மேல்தளம்ங்கிறதால தெளிப்பான் வெச்சு அடிங்க, இதை நிறைய பேர் விட்டுடுறாங்க. கம்பி பாதிக்கு மேல தேஞ்சு போயிருந்தா கொத்தனாரை நம்பி விடாதீங்க, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை கூப்பிட்டு காட்டணும்.

அந்த 14,500காரர் தட்டிப் பாத்தாரா? பாக்காம சொன்ன தொகைன்னா அது கண்ணளவுல சொன்னது தான். அவரு ஏமாத்துறாருன்னு நான் சொல்லல, அவருக்கே தெரியாததால கையை கொஞ்சம் அகலமா விரிச்சு சொல்லியிருப்பாரு.

மடிப்பாக்கம்_வாசி:

ரெண்டு வாரம் கழிச்சு எழுதுறேன், எல்லாருக்கும் ரொம்ப நன்றி, உங்க பதில் எல்லாத்தையும் அம்மாவுக்கு படிச்சே காட்டினேன்.

14,500 சொன்னவருக்கே ஃபோன் பண்ணி, பிரிச்சு எழுதி குடுத்தா உங்களுக்கே தரேன்னேன், வரலைன்னுட்டாரு. அப்புறம் கீழ் வீட்டு மாமி சொன்ன பிளம்பர் வந்தாரு. சைதை அண்ணா சொன்ன மாதிரியே நிப்பிள் ஒடஞ்சா எவ்ளோன்னு முன்னாடியே கேட்டேன், ஒரு நிமிஷம் என்னை நிமிந்து பாத்துட்டு 400 கூட ஆகும்மான்னாரு, நல்ல வேளை ஒடயல. குழாய், ஃப்ளஷ் டேங்க் ரெண்டுக்கும் சேர்த்து கூலி 900, கிச்சன் வால்வு திருகு ஒண்ணும் பாத்து குடுத்தாரு. சாமான் 1,440, நானே வாங்கினேன்.

ஃபேனுக்கு கண்டென்சர் தான் போயிருந்தது, கூலியோட 330. ஆனா அந்த டி பட்டனை அமுக்கினா ஒண்ணுமே ஆகல. எலக்ட்ரீஷியன் மூணு தடவை அமுக்கிப் பாத்தாரு, அசையவே இல்ல. எத்தனை வருஷமா இப்படி இருந்துச்சோ, அம்மா தினம் ஈரக்கையோட கிரைண்டர் போடுறவங்க. புதுசு 30 மில்லி ஆம்பியர் மாத்தினோம், 1,950, கூலி 300. இந்த திரெட்ல நான் செலவு பண்ணதுலயே இந்த 2,250 தான் எனக்கு நிம்மதி.

பால்கனில கொத்தனார் தட்டிப் பாத்தப்போ விழுந்த இடத்தை விட ரெண்டு மடங்கு விட்டுப் போயிருந்தது, நானும் கூட நின்னு கேட்டேன், சத்தம் வித்தியாசம் எனக்கே தெரிஞ்சது. கம்பி மேல மட்டும் தான் துரு, உள்ள நல்லா இருக்கு. ரெண்டு நாள் வேலை, கொத்தனார், கூட ஒரு ஆள், ரெண்டு பேருக்கும் கூலி 4,000, மெட்டீரியல் 2,850. மேல் வீட்ல ஏழு பூந்தொட்டி இருந்துச்சு சார், தண்ணி போற ஓட்டைல மண்ணு அடைச்சு குளம் மாதிரி நின்னிருக்கு. அந்த அங்கிள் கிட்ட விழுந்த காரைத்துண்டு ஒண்ணை எடுத்துட்டு போய் கைல குடுத்தேன், பேச்சே இல்லாம மறுநாளே ஆள் வெச்சு ஓட்டையை சரி பண்ணி டைல்ஸ் இடுக்கு பூரா அடைச்சுட்டாரு.

மொத்தம் 11,770. ஆர்சிசிபியை விட்டுட்டு பாத்தா 9,520.

கதவு மட்டும் பாக்கி. ஆசாரி வந்து பாத்துட்டு, மழைல இழைச்சா வெயில் காலத்துல கீழ இடுக்கு விழும், பல்லி பூரான் உள்ள வரும், தை பொறந்து மரம் காயட்டும், அப்போ எவ்ளோ உரசுதோ அவ்ளோ மட்டும் இழைக்கிறேன், 500 போதும்னு சொல்லிட்டு காசு வாங்காம போயிட்டாரு. கீல் ஸ்குரூவை மட்டும் இறுக்கி விட்டாரு, இப்போ கொஞ்சம் தூக்கி சாத்தினா மூடுது. அவரு நம்பரை அப்பாவோட பழைய டைரில அம்மா எழுதி வெச்சுட்டாங்க.