புதுச்சேரித் தெருப் பலகைகளில் உள்ள ‘ரூ’

கேள்வி: புதுச்சேரியில் துய்மா வீதி, சுஃப்ரேன் வீதி ஆகியவற்றின் பலகைகளில் காணும் பிரெஞ்சு ‘ரூ’வும், கழிவிரக்கத்தைக் குறிக்கும் ஆங்கில ‘ரூ’வும் ஒரே வேரினவா?

மறுமொழி 1: இல்லை, ஐயா. தெருவைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல், தோலின் சுருக்கத்தை உணர்த்திய ‘ரூகா’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வீடுகளுக்கிடையே மடிப்பாக ஓடும் வழி என அப்பொருள் விரிந்தது எனக்கு மிகவும் அழகாகத் தோன்றுகிறது. ஆங்கிலச் சொல் ஜெர்மானிய வழியினது. ஜெர்மன் மொழியின் ‘ரொய்ய’ அதன் உறவு.

மறுமொழி 2: மூன்றாவதும் உண்டு. நாம் அருவதா என்றும் சதாப்பு இலை என்றும் அழைக்கும் கசப்பு மூலிகைக்கு இரு மொழிகளிலும் ‘ரூ’ என்றே எழுத்தும் பெயரும் அமைந்துள்ளன. அது ‘ரூட்டா’ என்னும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. ஒலியொற்றுமையால்தான் ஆங்கிலக் கவிதையில் அம்மூலிகை வருத்தத்தின் அடையாளமாயிற்று.

கேட்டவர்: நன்றி, அம்மா. பலகையிலுள்ள ‘வீதி’?

மறுமொழி 2: அது வடமொழியிலும் உள்ள சொல், ‘ரூ’வோடு அதற்குத் தொடர்பில்லை.