மெயின்பிரேம் மென்பொருள்: விலையைப் பார்த்தா வாங்குகிறார்கள்?

கனகராயன்:
ரொறன்ரோவில் ஒரு வங்கியின் மெயின்பிரேம் (வங்கிக் கணக்குகளை எல்லாம் ஓட்டும் பெரிய கணினி) பிரிவில் 16 வருடம் இருந்துவிட்டுக் கிளிநொச்சிக்கு வந்திருக்கிறேன். அதில் ஓடும் மென்பொருளை எதைப் பார்த்து வாங்குவார்கள் என்று அறிவியல்நகர்ப் பொறியியல் பீடப் பிள்ளைகள் கேட்டார்கள். எப்படி அளந்து பில் போடுகிறார்கள், நடுராத்திரி போன் எடுத்தால் யார் பதில் சொல்வார், வேண்டாமென்றால் விட்டுப் போகமுடியுமா. விலை அதற்குப் பிறகுதான் என்றேன்.

செட்டிகுளத்தான்:
அண்ணை, கதைக்க நல்லாயிருக்கு. நானும் வவுனியாவில் இருந்தபடி வெளிநாட்டுக் கொம்பனி ஒன்றுக்கு மெயின்பிரேமில் கோபோல் மொழி நிரல்கள் பார்க்கிறேன். ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதத்தில் எத்தனை வீதம் கழிவு என்பது மட்டும்தான் பேச்சு. கையெழுத்து வைப்பவர் நிதிப்பிரிவுக்காரர்.

கனகராயன்:
அந்தத் தொகை எங்கிருந்து வருகிறது தம்பி? உங்கள் பக்கத்துப் பெரிய அரிசி ஆலைகளைப் பாருங்கள். மின்சார பில்லில் யூனிட்டுக்கு ஒரு கணக்கு, மாதத்தில் ஏறிய உச்சத்துக்கு இன்னொரு கணக்கு இருக்கும். ஒருநாள் எல்லா மோட்டரையும் ஒன்றாகப் போட்டால் மாத பில்லில் தெரியும். மெயின்பிரேம் செய்யும் ஐ.பி.எம்.மின் மாதக் கட்டணமும் நெடுங்காலம் அப்படித்தான்: பாவனையின் நான்கு மணிநேரச் சராசரியை நகர்த்திக்கொண்டே போய், மாதத்தில் அது தொட்ட உச்சத்துக்குப் பில். இரவு வேலைகளைக் கொஞ்சம் தள்ளி ஓடவிட்டாலே குறையும். வேறு சிலர் மெசினின் முழு வலுவுக்கும் காசு கேட்பார்கள், பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும். 2019இல் ஐ.பி.எம். மொத்தப் பாவனைக்குக் கணக்கிடும் முறையையும் கொண்டுவந்தது.

செட்டிகுளத்தான்:
சரி, அதுவும் விலைக்கணக்குத்தானே! விட்டுப்போவது என்றீர்களே, அதுதான் சிரிப்பு. மெயின்பிரேமுக்கு எந்த வேலையை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் 30 வருடத்து ஜே.சி.எல். கட்டளைகள் எல்லாம் அந்தச் சாமானோடு ஒட்டிப்போயிருக்கும். விற்பவனுக்கும் அது தெரியும்.

முறிகண்டி பஸ்:
இடையில் புகுகிறேன். எங்கள் இடத்தில் வேலைகளை வரிசைப்படுத்தி ஓட்டும் மென்பொருள் இரண்டில் மலிவானதை எடுத்தார்கள். ஆறு மாதத்தில் அனர்த்த ஒத்திகை, அதாவது மெசின் விழுந்தால் வேறிடத்தில் ஓட்டமுடியுமா என்ற சோதனை. மாற்று நிலைய மெசினில் எல்லாம் எழும்பியது, அந்த மென்பொருள் மட்டும் எழும்பவில்லை. அதன் லைசென்ஸ் பழைய மெசினின் தொடரிலக்கத்தோடு பூட்டியிருந்தது. மாற்று மெசினுக்கு வேறு லைசென்ஸ் திறப்பு வேண்டும், ஒப்பந்தத்தில் அது இல்லை. சனி இரவு அவசர இலக்கத்துக்கு எடுத்தால் திங்கள் காலை எடுக்கச் சொல்கிறது பதிவுக்குரல்.

செட்டிகுளத்தான்:
வாசிக்காமல் கையெழுத்து வைத்துவிட்டு மலிவின் மேல் பழி போடுகிறீர்கள்.

முறிகண்டி பஸ்:
வாசித்தோம். இல்லாததை எப்படி வாசிப்பது?

கனகராயன்:
விற்கும் கொம்பனி கைமாறினால் என்ன என்றும் கேட்கவேண்டும். 2018இல் மெயின்பிரேம் மென்பொருள் விற்ற சி.ஏ.வை சிப் செய்யும் பிரோட்கொம் 18.9 பில்லியன் டொலருக்கு வாங்கியது. ஒப்பந்தம் போட்டவர் ஒருவர், புதுப்பிக்க வருபவர் இன்னொருவர். கழற்றமுடியாது என்பதும் பாதிதான் சரி. தரவுத்தளமான டிபி2வைத் தொட எனக்கே பயம். ஆனால் தரவை வரிசைப்படுத்தும் டி.எஃப்.சோர்ட், சின்க்சோர்ட் இரண்டும் பெரும்பாலும் ஒரே கட்டளைகளை ஏற்கும். இப்படி மாற்றக்கூடிய ஒன்றிரண்டை மாற்றிக் காட்டினால்தான் நீங்கள் சொல்லும் கழிவும் வரும்.

செட்டிகுளத்தான்:
கடைசி வரிக்கு மட்டும் ஓம். முறிகண்டி, அந்த இரண்டாவது திறப்புக்குப் பிறகு எவ்வளவு கேட்டார்கள்?

முறிகண்டி பஸ்:
அதையும் சேர்த்தால் நாங்கள் வேண்டாமென்று விட்ட மற்றதன் விலையைத் தாண்டிவிட்டது.