புதுப்பிப்பு: பழைய திராட்சைத் தோட்டத்தில் முள் கத்தரி மஞ்சளானதற்குக் காரணம் தாமிரம்

போன ஆடியில் கேட்டிருந்தேன்: வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் 20 வருடத் திராட்சைப் பந்தலைப் பிரித்துவிட்டு இலவம்பாடி முள் கத்தரி நட்டோம், யூரியா போட்டும் குருத்திலை மஞ்சளாகிறது என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"மேல் அரையடி மண்ணைத் தனியா எடுத்து தாமிரம் பாருங்க தம்பி" என்று சேலத்து அண்ணன் சொன்னதுதான் சரி. திராட்சை இலையில் வரும் அடிச்சாம்பல் நோய்க்கு அப்பா வருடா வருடம் போர்டோ கலவை அடிப்பார். 100 லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் (தாமிர சல்பேட்) ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ. அந்தத் தாமிரம் மக்கவும் இல்லை, கீழே இறங்கவும் இல்லை. மேல்மண்ணில் தாமிரம் மிக அதிகம், அடிமண்ணில் சாதாரணம் என்று முடிவு வந்தது.

ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். சல்லிவேர் இல்லை, நுனியெல்லாம் பழுப்பேறிக் கட்டையாக இருந்தது. இலையில் நரம்பு மட்டும் பச்சை. தாமிரம் மிஞ்சியதால் செடி இரும்பை எடுக்க முடியவில்லை.

லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கலந்து இலைவழி தெளித்தேன், பத்து நாளில் புதுத் தளிர் பச்சையாக வந்தது. தொழுவுரமும் நிறையப் போட்டேன், அது தாமிரத்தைப் பிடித்துக்கொள்ளும். வெளியே எடுத்துவிடாது, அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

எதிர்பாராதது ஒன்று: அப்பா போர்டோ கலவை கலக்கிய தொட்டியடியில் புல்கூட இல்லை, தோண்டினால் ஒரு மண்புழு கிடையாது. அந்த இடத்தில் எதுவும் நடவில்லை. அப்புறம், கந்தகம் போட நினைப்பவர்கள் தயவுசெய்து வேண்டாம். கந்தகம் மண்ணைப் புளிக்க (அமிலமாக) வைக்கும், மண் புளித்தால் தாமிரம் இன்னும் கரையும்.